வாசலுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடியிருப்போர் சங்கம் பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு, அதே மனையில் இன்னும் அதிக வீடுகளோடு புதிதாகக் கட்டப்போகிறது. ஆர்க்கிடெக்ட் காட்டிய வரைபடத்தில் அகலமான திறந்த வராந்தாக்கள், வராந்தாவைப் பார்த்தபடி கண்ணாடி போட்ட முன்னறை, கேட் இல்லாமல் தெருவோடு சேரும் முற்றம் ஆகியவை இருக்கின்றன. பொது இடத்துக்கும் தனியிடத்துக்கும் நடுவிலுள்ள கோட்டை அழிக்கிறோம் என்று அவர் விளக்கியிருக்கிறார். நெருக்கமாக வாழும் இடத்தில் இது உதவுமா, இருக்கிற கொஞ்ச நிம்மதியும் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: என்னை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் என் வீட்டில் என்னிடம் இருக்குமா? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளை வடிவமைப்பது என் தொழில். மக்கள் குடியேறிய பிறகு போய், அந்த இடங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பதும் பல வருடங்களாக அதில் ஒரு பகுதி. உங்கள் வரைபடத்தை நான் பார்த்ததில்லை, அதனால் உங்கள் கட்டிடத்துக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

உங்கள் ஆர்க்கிடெக்ட் நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார் என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான அடுக்குமாடியில் ஒரு கதவு மட்டும்தான் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் முழு வீடு, அந்தப் பக்கம் முழு ஊர். இருட்டான நடைவழியில் நடந்து, ஒரேமாதிரியான கதவுகளில் ஒன்றைத் திறந்தால் நேராகச் சோபா, அதற்கு இரண்டடி தள்ளிக் கட்டில். கதவைத் திறந்து வைத்தால் எல்லாம் தெரியும், மூடினால் யாருமே இல்லை. நடுவில் வேறு நிலையே கிடையாது. தனி வீட்டில் கேட், முன்தோட்டம், படி, வாசல், கூடம் என்று பல கட்டங்களைத் தாண்டித்தான் ஒருவர் உள்ளே வருகிறார். ஒவ்வொரு கட்டத்திலும் அவரை நிறுத்திப் பேசி அனுப்பிவிட முடியும். சர்ஜ் செர்மயெஃப், கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற இரண்டு கட்டிடக்கலைஞர்கள் 1963-லேயே இதை எழுதினார்கள். ஊர் முழுவதற்குமான இடத்திலிருந்து ஒரே ஒருவரின் அறை வரை பல படிநிலைகள் வேண்டும், ஒவ்வொரு படிநிலைக்கும் நடுவில் தெளிவான மாறுமிடம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். இருபது மீட்டர் தோட்டம் செய்யும் வேலையை நெருக்கமான கட்டிடத்தில் இரண்டு மீட்டரில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

ஆகவே கோட்டை அழிப்பது என்ற பேச்சை நான் அப்படியே ஏற்க மாட்டேன். நன்றாக ஓடுகிற குடியிருப்புகளில் கோடு அழிந்திருப்பதை நான் பார்த்ததில்லை. அது அகலமாகி, ஆள் நிற்கவும் உட்காரவும் முடிகிற ஒரு பட்டையாக மாறியிருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டை எந்த வீட்டை ஒட்டியிருக்கிறதோ, அந்த வீட்டாருக்கே அதில் கூடுதல் பிடி இருக்கும். செடி வைப்பது, நாற்காலி போடுவது, திரையை இறக்குவது எல்லாம் அவர்கள் இஷ்டம். வழியில் போகிறவர் அதைப் பார்க்கலாம், ஆனால் கேட்காமல் அதில் வந்து உட்கார மாட்டார். இந்த நிலை அமைந்தால் அகலமான வராந்தா பெரிய வரம். அமையாவிட்டால் அதே வராந்தா வீட்டுக்குள் ஆள் எட்டிப் பார்க்கிற இடமாகிவிடும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று கேட்டால், ஒரு இடத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு 1970-களில் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்தது. ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அங்கே இருந்த இரண்டு வகை விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் நீண்ட நடைவழி, இருபுறமும் இருவர் தங்கும் அறைகள், மொத்தம் 34 பேருக்குப் பொதுவான குளியலறையும் ஒரு கூடமும். இன்னொன்றில் நான்கு முதல் ஆறு பேருக்கு ஒரு சிறு கூடம், ஒரு குளியலறை, இரண்டு மூன்று படுக்கையறைகள். ஆளுக்குக் கிடைத்த சதுர அடி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நீண்ட நடைவழிக்காரர்கள் நெரிசலாக இருக்கிறது, வேண்டாத நேரத்தில் வேண்டாதவர்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது என்று அதிகமாகச் சொன்னார்கள். விடுதிக்கு வெளியே வேறொரு காத்திருப்பு அறையில் உட்கார வைத்தபோதுகூட, அறிமுகமில்லாதவரிடமிருந்து தள்ளியே உட்கார்ந்தார்கள், முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். தப்பிக்க முடியாத சந்திப்புகள் அவர்களை மனிதர்களையே தவிர்க்கப் பழக்கிவிட்டிருந்தன. எல்லாரும் எல்லாரையும் சந்தித்துக்கொண்டே இருந்தால் நட்பு வளரும் என்று நம்பும் ஆர்க்கிடெக்டுகளிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அதன் தொடர்ச்சி இன்னும் பயனுள்ளது. 1980-ல் பாமும் கிளென் டேவிஸும் வேறொரு கல்லூரி விடுதியில் ஒரு நீண்ட நடைவழியை எடுத்துக்கொண்டார்கள். நடுவிலிருந்த மூன்று படுக்கையறைகளைக் காலி செய்து கூடமாக்கி, கதவுகள் போட்டார்கள். சுமார் நாற்பது பேர் புழங்கிய ஒரே வழி, இருபது இருபது பேர் புழங்கும் இரண்டாகப் பிரிந்தது. கதவுகளைப் பூட்டவில்லை. யாரும் எந்தப் பக்கமும் போகலாம். அவ்வளவுதான் மாற்றம். சில வாரங்களில் அங்கே இருந்தவர்கள் நெரிசல் குறைந்ததாகச் சொன்னார்கள், பக்கத்து அறைக்காரர்களோடு பழகவும் தொடங்கினார்கள். பிரிக்காமல் விட்ட நடைவழியில் அந்த மாற்றம் வரவில்லை. விடுதி மாணவர்களின் வாழ்க்கை குடும்பங்களுடையதிலிருந்து வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு இடத்தைப் பகிர்கிறவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால், சந்திப்பு சுமையாக இல்லாமல் பழக்கமாகிறது என்ற முடிவை என் வேலையில் நான் கண்டதும் உறுதிப்படுத்துகிறது. ஒரு வராந்தாவில் எட்டு வீடு இருந்தால் குழந்தைகளின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இருபதைத் தாண்டினால் குப்பை யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சும். எட்டு என்பது சட்டமில்லை, என் கணக்கு. ஆறோ பத்தோ ஆகலாம். இருபத்தைந்து ஆகக் கூடாது.

இதே விஷயத்தைக் கட்டிடக்கலையில் பிரபலமாக்கியவர் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டிடக்கலைஞர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் எழுந்த புரூயிட்-ஐகோ குடியிருப்பை அவர் நேரில் பார்த்தார். 11 மாடிகள் கொண்ட 33 கட்டிடங்கள், வடிவமைத்தவர் மினோரு யமசாகி. லிப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது. சில தளங்களில் மட்டும் நிற்கும், அங்கே அகலமான வராந்தாக்கள் இருந்தன. குழந்தைகள் விளையாடவும் பெரியவர்கள் பேசவும் பயன்படும் என்று திட்டமிட்ட இடங்கள் அவை. நடந்தது நேர்மாறு. இரண்டு குடும்பங்கள் மட்டும் பகிர்ந்த படிக்கட்டு முகப்புகள் சுத்தமாக இருந்தன, 20 குடும்பங்கள் பகிர்ந்த நடைவழிகளும் 150 குடும்பங்கள் பகிர்ந்த நுழைவுக்கூடமும் லிப்டும் பாழாகிக் கிடந்தன என்று நியூமன் பதிவு செய்தார். 1972-ல் அந்தக் கட்டிடங்களை இடிக்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையை வைத்து அளவுக்கு மீறி வாதாடுகிறவர்கள் உண்டு. புரூயிட்-ஐகோ வடிவமைப்பால் மட்டும் விழவில்லை. நகரத்திலிருந்து மக்களும் வேலைகளும் வெளியேறிக்கொண்டிருந்தன. பராமரிப்புச் செலவை ஏழைக் குடும்பங்களின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. இனப் பாகுபாடும் சேர்ந்துகொண்டது. கேத்தரின் பிரிஸ்டல் 1991-ல் எழுதிய கட்டுரை இதையெல்லாம் தெளிவாக எடுத்து வைத்தது. வடிவமைப்பை மாற்றினால் குற்றம் குறையும் என்ற நியூமனின் வாதத்தின் மேல் இன்றுவரை விவாதம் ஓயவில்லை. ஆகவே உங்கள் ஆர்க்கிடெக்டோ, அவரை எதிர்க்கிறவரோ, திறந்த வராந்தாவால் திருட்டு குறையும் என்றோ கூடும் என்றோ அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பக்கம் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. பகிர்வோர் எண்ணிக்கை பற்றிய கவனிப்பு மட்டும் இந்த விவாதங்களையெல்லாம் தாண்டி நிற்கிறது.

வராந்தாவைத் தெருவாக்கும் ஆசை இதைவிடப் பழையது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில், ஸ்பாங்கன் பகுதியில் மிகியேல் பிரிங்க்மன் வடிவமைத்த குடியிருப்பு 1922-ல் முடிந்தது. அதில் மேல் வீடுகளுக்கு மூன்றாவது நிலையில் கட்டிடத்தைச் சுற்றி ஓடும் திறந்த வராந்தா உண்டு. இரண்டு மீட்டருக்கு மேல் அகலம், சில இடங்களில் மூன்றுக்கும் மேல். பால்காரர் தன் வண்டியை லிப்டில் ஏற்றி வீட்டு வாசல் வரை தள்ளிக்கொண்டு வரலாம். கீழ் வீடுகளுக்குத் தரையிலேயே தனித்தனி வாசல். அது இன்றும் வீடுகளாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1961-ல் முடிந்த பார்க் ஹில், இதே எண்ணத்தைப் பல மடங்கு பெரிதாக்கியது. கிட்டத்தட்ட ஆயிரம் வீடுகள், மூன்று மீட்டர் அகல வராந்தாக்கள், மலைச்சரிவில் நிற்பதால் பெரும்பாலானவை ஒரு முனையில் தரையோடு சேர்ந்துவிடும். யாரும் எங்கிருந்தும் நடந்து வரலாம். லண்டனில் ஆலிசன், பீட்டர் ஸ்மித்சன் தம்பதி 1972-ல் முடித்த ராபின் ஹுட் கார்டன்ஸும் இதே வழியில் போனது. அதை 2017-ல் இடிக்கத் தொடங்கினார்கள்.

பார்க் ஹில்லில் நீங்கள் கவனிக்க வேண்டிய விவரம் ஒன்று உண்டு. அந்த அகலமான வராந்தாவில் வாசல் கதவுகள் இருந்தன, ஆனால் வீட்டின் வாழும் அறைகள் வேறு பக்கம் பார்த்தன. அதாவது தெரு இருந்தது, தெருவைப் பார்க்கும் ஜன்னல் இல்லை. உள்ளே இருப்பவருக்கு வெளியே யார் நிற்கிறார் என்று தெரியாது. பல வருடங்கள் கழித்துப் புதுப்பித்தபோது செய்த மாற்றங்களில் ஒன்று, வாசலை ஒட்டி வராந்தாவைப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்ததுதான். ஆகவே முழுவதும் மூடிய சுவரும் தவறு. உங்கள் வரைபடத்தில் இருப்பது போல முழுவதும் கண்ணாடியானால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

அதற்குப் பதில் தேடினால் ரிக்கென் யமமோட்டோவிடம் போக வேண்டும். கட்டிடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2024-ல் பெற்ற ஜப்பானியக் கட்டிடக்கலைஞர். தென்கொரியாவின் பாங்யோவில் 2010-ல் அவர் முடித்த நூறு வீடுகள் ஒன்பது தொகுப்புகளாக இருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்பிலும் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு பொதுத் தளம், அந்தத் தளத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடி முன்னறை. உங்களுக்குக் காட்டியதும் இதன் வழிவந்ததாகவே தோன்றுகிறது. விற்பனைக்கு வந்தபோது வீடு எல்லாருக்கும் தெரிகிறது என்று கடும் விமர்சனம் எழுந்தது. குடியேறியவர்கள் பிறகு அந்தப் பொதுத் தளத்தை நன்றாகப் பயன்படுத்தினார்கள், பாராட்டவும் செய்தார்கள். இதில் எனக்குக் கிடைக்கும் பாடம் எண்ணிக்கையைப் பற்றியதும் அறைகளைப் பற்றியதும். அந்தக் கண்ணாடி அறையை விட்டு வீடு மாடிகளாகப் பிரிகிறது. படுக்கையும் சமையலும் வேறு தளத்தில் மறைந்திருக்கின்றன. கண்ணாடிக்குள் இருப்பது ஒரு கூடுதல் அறை. அதில் தையல் மிஷின் போடலாம், புத்தகம் அடுக்கலாம், திரையைப் போட்டு மூடியும் விடலாம். உங்கள் வரைபடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வீட்டின் ஒரே கூடமா, கூடுதல் அறையா என்று பாருங்கள். ஒரே கூடம் என்றால் குடியேறிய முதல் வாரத்தில் எல்லாரும் கனத்த திரையை இறக்குவார்கள், அது பிறகு ஏறவே ஏறாது. அப்போது உங்களுக்குக் கிடைப்பது துணி ஒட்டிய சுவர்.

டோக்கியோவில் ரியூயே நிஷிசாவா 2005-ல் கட்டிய மொரியாமா வீட்டையும் பலர் இந்த விவாதத்தில் காட்டுவார்கள். ஒரே மனையில் பத்துச் சின்னப் பெட்டிகள், நடுவில் சந்துகளும் தோட்டமும், வேலி கிடையாது. அருமையான வேலை. அதன் ஜன்னல்கள் ஒன்றையொன்று நேராகப் பார்க்காதபடி நகர்த்தி வைக்கப்பட்டிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு உரிமையாளர், விரும்பி வந்த சில வாடகைதாரர்கள் என்ற அந்த ஏற்பாடு, எல்லா வகைக் குடும்பங்களும் இருக்கும் பெரிய சங்கத்துக்கு அளவுகோலாகாது.

சரி, அந்த இரண்டு மீட்டரில் என்ன செய்யலாம்? முதலில் உயரம். நடந்து போகிறவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் சுமார் 1.2 மீட்டரில். வீட்டின் தரையைத் தெருவை விட 60 செ.மீ. உயர்த்தினால், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண் தெருவிலிருந்து 1.8 மீட்டருக்கு வந்துவிடும். அப்போது அவர் போகிறவர்களைக் கொஞ்சம் மேலிருந்து பார்ப்பார், போகிறவர் இவரை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஜன்னல் திறந்தே இருந்தாலும் கூச்சம் வராது. கண்ணாடியில் பெரும் செலவு செய்து கிடைக்காத சமாதானம் நான்கு படியில் கிடைக்கிறது. ஆனால் சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு என்றால் 60 செ.மீ. ஏற 7.2 மீட்டர் நீளம் வேண்டும், வாசலுக்கு வாசல் அது முடியாது. அதனால் தெருப்பக்கம் படியும், முற்றத்துப் பக்கம் சமதளமாக இன்னொரு வழியும் கொடுப்பது நல்லது. முற்றத்தின் தரையையே உயர்த்தி வைத்தால் இரண்டும் கைகூடும்.

மேல் தளங்களில் இந்த உயர வித்தை செல்லாது, வராந்தாவும் வீடும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். அங்கே இடைவெளிதான் வழி. நடக்கும் பாதையை வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் ஒரு மீட்டரோ அதற்குச் சற்று அதிகமோ தள்ளிக் கொண்டுபோய், வாசலுக்கு மட்டும் சிறு பாலம் போலத் தளத்தை நீட்டலாம். ஜன்னலுக்கு முன்னால் வெற்றிடம். யாரும் ஜன்னலை உரசிக்கொண்டு நடக்க மாட்டார்கள், கீழ்த்தளங்களுக்கு வெளிச்சமும் இறங்கும். இதற்கு இடம் இல்லையென்றால், நடக்க 1.2 மீட்டரை விட்டுவிட்டு, சுவரை ஒட்டி முக்கால் மீட்டரையாவது வேறு நிறத் தரையாலோ, கையகல உயர வித்தியாசத்தாலோ, வாசலை ஒட்டிய சிறு திண்ணையாலோ பிரித்துக் காட்டலாம். அந்தச் சின்ன வித்தியாசமே போதும், மக்கள் தாங்களாகவே விலகி நடக்கிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பால்கனிகளைப் பற்றியும் ஒன்று: 1.8 மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள பால்கனியை மக்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் சொன்னது என் அனுபவத்தில் சரியாகவே இருக்கிறது. ஒல்லியான பால்கனியில் துணிதான் காயும்.

கதவையும் மறக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் வடிவமைத்து 1974-ல் முடிந்த டி டிரை ஹோஃபன் முதியோர் இல்லத்தில் வாசல்களுக்கு மேல்பாதி தனியாகத் திறக்கும் கதவு வைத்தார். மேல்பாதி திறந்திருந்தால் பேச வரலாம் என்று பொருள், கீழ்பாதி மூடியிருப்பதால் உள்ளே வந்துவிட முடியாது. உள்ளே இருக்கும் முதியவர் நாற்காலியில் இருந்தபடியே வழியில் போகிறவரோடு பேசலாம், வேண்டாமென்றால் கையை நீட்டி மூடிவிடலாம். இந்தப் பிரச்சினை முழுவதற்கும் இதைவிட மலிவான, மனிதத்தன்மையுள்ள விடையை நான் பார்த்ததில்லை. தீர்மானம் உள்ளே இருப்பவர் கையில் இருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு அந்தக் குணம் இல்லை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் கண்ணாடி பிரதிபலிக்கும், உள்ளே அவ்வளவாகத் தெரியாது. ஆர்க்கிடெக்ட் காட்டும் படங்கள் பெரும்பாலும் பகல் படங்கள். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது நிலைமை தலைகீழாகிறது, வெளியே இருப்பவருக்கு எல்லாம் தெரியும், உள்ளே இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். வேலை முடிந்து மக்கள் வீட்டில் இருப்பதும் வராந்தாவில் ஆள் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான்.

ஒலியைப் பற்றி வரைபடங்கள் பேசுவதே இல்லை. பார்வையைத் திரையால் மறைக்கலாம், சத்தத்தை மறைக்க முடியாது. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், பக்கத்தில் சுவர் என்று எல்லாம் கடினமாக இருந்தால் வராந்தாவில் பேசும் பேச்சு வீட்டுக்குள்ளும், வீட்டுச் சண்டை வராந்தாவிலும் கேட்கும். அதனால் வராந்தாப் பக்கம் சமையலறை, உணவு மேசை, படிக்கும் இடம் வரலாம். சமையலறை ஜன்னல் மிகவும் நல்லது, வேலை செய்துகொண்டே வெளியே ஒரு கண் வைக்கலாம். படுக்கையறை அந்தப் பக்கம் வரவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர், கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய், நோயில் படுத்திருப்பவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை என்று ஒதுங்கியிருக்கும் தேவை உள்ளவர்கள் எந்தக் கட்டிடத்திலும் இருப்பார்கள். யாரையும் சந்திக்காமல் வீட்டுக்குள் போய்விடும் வழி அவர்களுக்கு வேண்டும். பொதுக் கூடத்தைக் கடந்துதான் லிப்டுக்குப் போக முடியும் என்று வைத்தால் சந்திப்பு கட்டாயமாகிவிடும். கூடத்தை வழியின் ஓரத்தில் வைத்தால் பார்த்துவிட்டுப் போகலாம், விருப்பமிருந்தால் நின்று பேசலாம்.

நெருக்கத்தையும் இதையும் ஒன்றாகச் சாதித்த கட்டிடம் ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் நீவ் பிரவுன் வடிவமைத்து 1978-ல் முடிந்த அலெக்சாண்ட்ரா ரோடு குடியிருப்பைத்தான் நான் முதலில் காட்டுவேன். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், ஆனால் வானளாவிய கோபுரம் எதுவும் இல்லை. வண்டி வராத ஒரு தெரு, அதன் இருபுறமும் படிப்படியாகப் பின்வாங்கும் தளங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாகத் திறந்தவெளி இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்குத் தெருவிலிருந்து ஏறும் திறந்த படிக்கட்டு வழியாகத்தான் வாசல், ஒரு படிக்கட்டைச் சில வீடுகளே பகிர்கின்றன. செடித்தொட்டிகள் பார்வையை உடைக்கின்றன. மேலே இருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் இருப்பவருக்குச் செடிதான் தெரியும். கட்டும்போது செலவு எக்கச்சக்கமாக ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்வாங்கும் தளம் என்றால் ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் கசியாமல் காக்க வேண்டிய கூரை ஒன்று கூடுகிறது.

அப்புறம் தீப்பாதுகாப்பு. வராந்தா என்பது தப்பிக்கும் வழியும்கூட. திறந்த வராந்தாவில் புகை தேங்காது என்பது பெரிய சாதகம். ஆனால் நாற்காலி, சைக்கிள், அலமாரி என்று மெல்ல மெல்ல நிறையும்போது தப்பிக்கும் அகலம் குறைகிறது, அதில் எரியக்கூடிய பொருளும் சேர்கிறது. ஒருநாள் தீயணைப்பு ஆய்வில் எல்லாவற்றையும் அகற்றச் சொல்வார்கள், அகலமான வராந்தா வெறும் வழியாகிவிடும். இதைத் தவிர்க்க, தப்பிக்கும் அகலம் இவ்வளவு, வீட்டார் வைத்துக்கொள்ளும் பகுதி இவ்வளவு என்று ஆரம்பத்திலேயே தரையில் பிரித்து, அனுமதி வரைபடத்திலும் காட்டிவிட வேண்டும். சங்கத்தின் விதிகளிலும் அது வர வேண்டும். பொதுச்சொத்து என்று பத்திரத்தில் இருக்கும் இடத்தில் ஒருவர் செடி வைத்தால் அடுத்தவர் அலமாரி வைப்பார். அது யாருடைய பொறுப்பு என்று எழுதப்படாத இடம் சண்டைக்கான இடம்.

இனி சந்தேகமான பக்கம். இப்படியெல்லாம் கட்டினால் அக்கம்பக்கம் ஒற்றுமையாகிவிடுமா? ஓரளவு ஆதாரம் உண்டு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1950-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர் குடும்பங்களின் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்பதை வாசல்களின் தூரமும் படிக்கட்டு இருந்த இடமும் பெரிதும் தீர்மானித்ததைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நிலை. 1976-ல் கலிஃபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் எப்பெசன் குழுவினர் செய்த ஆய்வில், பிடித்தவர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். சத்தம், குப்பை போன்றவைதான் அந்த வெறுப்புக்குக் காரணம். ஆக, அருகாமை உறவைத் தீவிரமாக்குகிறது, அது எந்தத் திசையில் போகும் என்பது வடிவமைப்பின் கையில் முழுதாக இல்லை. இதைத் தாண்டி வாக்குறுதி தரும் ஆர்க்கிடெக்டை நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக நீங்கள் கேட்ட கேட் இல்லாத முற்றம். இங்கே துறையில் இரண்டு கட்சி. அந்நியர் வரவு குறைந்தால்தான் குடியிருப்பவர்கள் இடத்தைத் தமதாக உணர்வார்கள் என்றார் நியூமன். ஆள் நடமாட்டமும் தெருவைப் பார்க்கும் கண்களும்தான் பாதுகாப்பு என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் எழுதினார். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு, முடிவு இடத்தைப் பொறுத்தது. யமமோட்டோவே 1991-ல் ஜப்பானின் குமமோட்டோவில் கட்டிய ஹோடகுபோ குடியிருப்பில், 110 வீடுகள் சூழ்ந்த முற்றத்துக்கு வீடுகள் வழியாகவும் ஒரு பொதுக்கூடம் வழியாகவும்தான் போக முடியும்படி வைத்தார். ஊருக்கு அங்கே இடமே இல்லை. நான் கேட்கும் கேள்வி இது: உங்கள் முற்றத்தின் வழியாகப் போனால் ஊர்க்காரருக்கு உண்மையிலேயே ஒரு குறுக்குவழி கிடைக்கிறதா? கிடைத்தால் திறந்து விடலாம். அப்போது தரைத்தளத்தில் கடை, அலுவலகம், பொதுக்கூடம் வர வேண்டும், வீடுகள் மேலே போக வேண்டும். குறுக்குவழி இல்லை, உள்ளே வந்தால் முட்டித் திரும்பத்தான் வேண்டும் என்றால், அங்கே வரும் அந்நியருக்கு வேலையே இல்லை. அந்த முற்றத்தைக் குடியிருப்பவர்களுக்கே விட்டுவிட்டு, உள்ளே பார்க்க முடிகிற கேட் ஒன்று போடுங்கள். ஒரே முற்றம் ஊருக்கும் திறந்து, தரைத்தளப் படுக்கையறைகளுக்கும் முகம் காட்டினால் அதில் நிச்சயம் பிரச்சினை வரும்.

அடுத்த கூட்டத்தில் ஆர்க்கிடெக்டிடம் இரண்டு கேளுங்கள். வராந்தா, வாசல், முன்னறை மூன்றும் சேர்ந்து தெரியும் குறுக்குவெட்டு வரைபடம், பெரிய அளவில், இரவு விளக்கோடு. அதில் நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவர், வழியில் போகிறவர் மூவரும் இருக்க வேண்டும், அவர்களின் கண்ணிலிருந்து கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, ஏதாவது ஒரு திறந்த தரையில் அந்த வராந்தாவின் உண்மையான அகலத்தைச் சுண்ணாம்பால் வரைந்து, சுவர் வரும் இடத்தில் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சங்கத்து உறுப்பினர்கள் சிலர் மளிகைப் பையோடும் சைக்கிளோடும் அதில் நடந்து போகட்டும். உட்கார்ந்திருப்பவர் காலை மடக்க வேண்டியிருந்தால் அகலம் போதாது, இன்னும் முப்பது செ.மீ. கேளுங்கள்.